துவர்ப்பின் பிடி

பத்தில் ஒரு பங்காகக் கரைத்து ஊற்றிய தட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. நூறில் ஒரு பங்கு தட்டில் 11 காலனிகள். ஆயிரத்தில் ஒரு பங்கு தட்டில் 6. கடுக்காய்ச் சூரணத்தில் நுண்ணுயிர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மூன்று நாள் முன்பு இன்குபேட்டரில் வைத்த தட்டுகள் அவை. கரைசல் நீர்க்க நீர்க்க எண்ணிக்கை குறைந்துகொண்டே வர வேண்டும். இந்த வேலையின் அரிச்சுவடி அது. ஆயிரத்தில் ஆறு என்றால் நூறில் அறுபதாவது வந்திருக்க வேண்டும். பத்தில் எண்ண முடியாதபடி மண்டியிருக்க வேண்டும். எனக்கு வந்திருந்ததோ தலைகீழ்.

அதுவரை பல மாதங்களாக நான் முதல் தட்டை மட்டும் ஊற்றி, வெறுமையாக இருப்பதைப் பார்த்து, பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்திருந்தேன். இந்த முறை ஏதோ தோன்றி மூன்று தட்டும் ஊற்றினேன். அவற்றை வெளியே எடுத்த காலை இன்னும் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது.

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் மூலிகைப் பொடிகள் தயாரிக்கும் சின்னக் கூடம் எங்களுடையது. திரிபலாச் சூரணம், கடுக்காய்ச் சூரணம், கருவேலம் பட்டை சேர்த்த பல்பொடி என்று எடுத்துக்கொண்டால் நாங்கள் செய்வதில் பாதிக்கு மேல் துவர்ப்புச் சரக்குதான். கூடத்தின் மூலையில் ஓர் ஆட்டோகிளேவ், ஒரு இன்குபேட்டர், ஒரு மைக்ராஸ்கோப் வைத்த அறையில் 19 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். சரக்கு வெளியே போகும் முன் கடைசியாக என் மேஜையைத் தாண்ட வேண்டும். இந்த வகைப் பொடிகளுக்கு வரம்பு கிராமுக்கு 1,00,000 பாக்டீரியா, 1,000 ஈஸ்ட், பூஞ்சை. ஈ.கோலை, சால்மோனெல்லா, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் நான்கும் அறவே இருக்கக் கூடாது.

கடுக்காயை உடைத்துக் கொட்டை நீக்கும் இடத்தில் கூத்தியார்குண்டிலிருந்து வரும் ஓர் அக்கா இருக்கிறார். நான் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர். காலையில் என் அறையைத் தாண்டும்போது, "என்னம்மா, தட்டு சுத்தமா இருக்கா?" என்று கேட்காமல் போக மாட்டார். அன்றும் கேட்டார்.

"சுத்தமாத்தான்க்கா இருக்கு. அதான் மனசுக்குச் சரியாப் படல."

அவர் நின்று வலது கையை நீட்டினார். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. ரேகைகள் வற்றிய கண்மாயின் வண்டல்போல வரிவரியாக இறுகிக் கிடந்தன. "இதப் பாரு. நாள் பூரா கடுக்கா உடைச்சா தோலே இழுத்துப் பிடிச்சுக்குது. ராத்திரி சோறு பிசையும்போது என் கை மாதிரியே இருக்காது. நல்லெண்ணெய் தேச்சு ஊறப் போட்டாத்தான் விடும்."

விரல் கறுத்ததற்குக் காரணம் சுத்தியலின் இரும்பும், கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானினும் வியர்வையில் சந்திப்பது. பழைய காலத்து எழுது மை அப்படித்தான் செய்தார்கள். எண்ணெய் தேய்த்தால் தோலைப் பற்றிய டானின் கழன்று வந்துவிடாது. இறுகிய தோல் இளகும், அவ்வளவே. ஆனால் அக்கா சொன்ன இரண்டு வார்த்தையும் என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. 'பிடிச்சுக்குது.' 'விடும்.' என் முதல் தட்டில் பாக்டீரியா செத்திருக்கவில்லை. ஏதோ அதைப் பிடித்து வைத்திருந்தது. பிடியை விடுவிக்காமலே நான் தலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

துவர்ப்பு என்றாலே பிடிதான். அறுசுவையில் ஒன்றாக நாம் அதைச் சொன்னாலும், இனிப்பையும் கசப்பையும் போல நாக்கின் சுவை மொட்டு உணர்வது மட்டுமல்ல அது. பெரும்பங்கு தொட்டு உணர்வது. எச்சிலில் வழவழப்பைத் தரும் புரதங்கள் உண்டு. காயாக இருக்கும் நாவல் பழத்தைக் கடித்தால் டானின் அந்தப் புரதங்களைப் பற்றித் திரிதிரியாக்கிவிடும். வழவழப்பு போய் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. வாய் இழுக்கிறது என்கிறோம். இந்தப் பிடியை நம் ஆட்கள் வெகு காலமாகத் தேடிப் போயிருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் மாதவி நீராடும் இடத்தில் பத்து வகைத் துவர் ஊறிய நீர் வருகிறது. திரிபலை, கருங்காலி, நாவல், நால்வகைப் பால்மரங்கள் என்று உரையில் பட்டியலும் உண்டு. என் மேஜையில் இருக்கும் பாட்டில்களின் பெயரை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்தது போல இருக்கும் அதைப் பார்க்கும்போது.

என் அப்பா திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் அவரைப் பார்க்கப் போனால் தொட்டி தொட்டியாக ஆவாரம் பட்டைத் தண்ணீர் நிற்கும். பச்சைத் தோல் இரண்டு நாள் வெளியே கிடந்தால் அழுகி நாறிவிடும். சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கிப் பட்டைத் தண்ணீரில் ஊறவிட்ட தோலோ வருடக்கணக்கில் கெடாது. நீர்த்த தொட்டியில் ஆரம்பித்து, நாள் போகப் போகக் காட்டமான தொட்டிக்கு மாற்றுவார்கள். எடுத்த எடுப்பில் காட்டமான தண்ணீரில் போட்டால் மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே பட்டைத் தண்ணீர் இறங்காமல் போய்விடும். கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முறை, பிறகு எண்ணெய். ஆங்கிலேயர் காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போன 'ஈ.ஐ.' தோல் என்பது இதுதான். ஈஸ்ட் இந்தியா என்பதன் சுருக்கம். டானின் என்ற பெயரே தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்தது. தோலின் கொலாஜன் இழைகளை டானின் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்துக் கட்டிவிடுவதால், அழுகவைக்கும் கிருமியின் நொதி அதைக் கடிக்க இடம் கிடைப்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் புரதத்தின் மீதான பிடி. என் தட்டில் நடந்ததற்கு இன்னொரு பிடியும் சேர்ந்திருந்தது, கொழுப்பின் மீது.

பாக்டீரியாவின் செல் சவ்வை நான் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சுவராகச் சொல்லித் தருவதில்லை. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தைக் காட்டுவேன். கிழியும், சேரும், நகரும், ஆனால் படலமாகவே இருக்கும். சவ்வின் தடிமன் நான்கைந்து நானோமீட்டர். லிப்பிட் மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கின்றன. தண்ணீரை விரும்பும் தலை வெளிப்பக்கம். தண்ணீருக்கு ஒதுங்கும் கொழுப்பு வால் உள்பக்கம், வாலோடு வால் பார்த்தபடி. உணவை உள்ளே இழுப்பதும் கழிவை வெளியே தள்ளுவதும் ஆற்றல் உண்டாக்குவதும் எல்லாம் இந்தப் படலத்தில் மிதக்கும் புரதங்களின் வேலை.

டானினுக்கும் இரண்டு குணம் உண்டு. அதன் உடலில் தட்டையான வளையங்கள். வளையத்தின் ஓரங்களில் ஹைட்ராக்சில் குழுக்கள். ஓரங்கள் லிப்பிட்டின் தலையை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றும். தட்டையான முகம் கொழுப்பு வால்களின் பக்கம் சாய்ந்து நுழையப் பார்க்கும். இரண்டும் நடந்தால் மூலக்கூறு தலைக்கும் வாலுக்கும் நடுவே செருகிக்கொள்ளும். நெருக்கமாக நட்ட நாற்று வரிசைக்குள் ஓர் ஆள் குறுக்கே படுத்துக்கொண்டால் நாற்றெல்லாம் சாய்வது போலச் சவ்வு நெகிழ்ந்தோ இறுகியோ போகும். உள்ளே இருப்பது கசியும்.

கசிவைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டு. ஜப்பானில் இகிகாய் குழுவினர் 1993இல் செய்த சோதனையை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று தெரியாது. உயிரே இல்லாத, வெறும் லிப்பிட்டால் ஆன நுண்ணிய குமிழிகளைச் செய்து உள்ளே ஒளிரும் சாயத்தை அடைத்தார்கள். பச்சைத் தேயிலையில் உள்ள ஈஜிசிஜி என்னும் கேட்டச்சினைச் சேர்த்ததும் சாயம் வெளியே கசிந்தது. குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. அதே தேயிலையில் காலிக் அமிலத் துண்டு ஒட்டாத எபிகேட்டச்சின் உண்டு. அதைச் சேர்த்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிடி அந்த காலிக் துண்டில் இருக்கிறது என்று நான் புரிந்துகொண்டது அப்போதுதான். குமிழியில் எதிர்மின்னேற்றம் உள்ள லிப்பிட்டைக் கலந்தபோது கசிவு குறைந்தது. ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் எதிர்மின்னேற்றம் கொண்ட லிப்போபாலிசாக்கரைடு போர்வை இருக்கிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் பணிகிற அளவுக்கு ஈ.கோலை பணியாததற்கு அதை ஒரு காரணமாக அவர்கள் சொன்னார்கள்.

கடுக்காயை அந்தக் கண்ணோடு பார்த்தால் அது காலிக் துண்டுகளின் களஞ்சியம். நல்ல கடுக்காய்த் தசையில் எடையில் கால் பங்குக்குக் குறையாமல் டானின் இருக்கும். செபுலாஜிக் அமிலம், செபுலினிக் அமிலம் ஆகியவை அதன் முக்கிய டானின்கள். இரண்டின் மூலக்கூறு எடையும் 950ஐ ஒட்டி. ஈஜிசிஜியோ 458தான். பெரிய மூலக்கூறு அதிகமாக உள்ளே போகும் என்று நினைக்க வேண்டாம். பெரியது மேலேயே நின்று, பக்கத்துப் பக்கத்து லிப்பிட் தலைகளையும் புரதங்களையும் பாலம் போட்டுப் பிடிக்கும். சின்னது உள்ளே சாயும். கடுக்காய்க் குடிநீரைச் சூடாக்கச் சூடாக்கப் பெரியவை உடைந்து காலிக் அமிலமாகும். அதன் எடை 170தான். அதனால் சூரணமும் கஷாயமும் ஒரே கடுக்காயிலிருந்து வந்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை.

இதோடு இரும்பும் சேர்கிறது. டானின் இரும்பை அள்ளிக்கொள்ளும். அக்காவின் விரல் சாட்சி. இரும்பில்லாமல் பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர முடியாது. ஆக என் முதல் தட்டில் இருந்த ஒவ்வொரு செல்லும் மூன்று பக்கமும் மாட்டியிருந்தது. மீடியாவில் உணவாக உள்ள பெப்டோன் டானினோடு ஒட்டிக் கிடந்தது, இரும்பு போய்விட்டது, சவ்வின் மேல் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று மதியமே திரும்பச் செய்தேன். இந்தமுறை கரைக்கும் திரவத்தில் பாலிசார்பேட் 80உம் சோயா லெசித்தினும் சேர்த்தேன். கிருமியை அடக்கும் சரக்கைச் சோதிக்கும்போது இவற்றைச் சேர்க்க வேண்டும் என்பது சோதனை நூல்களில் உள்ள விதிதான். பதப்படுத்தும் ரசாயனம் கலந்த களிம்புக்கு அது பொருந்தும் என்று படித்திருந்தேன், வெறும் கடுக்காய்க்குப் பொருந்தும் என்று எனக்கு உறைக்கவில்லை. லெசித்தின் என்பது என்ன? லிப்பிட். அதன் ஒரு முக்கியக் கூறு பாஸ்ஃபடிடில்கோலின், சவ்வுகளில் இருக்கும் அதே வகை. டானின் கண்முன் ஏராளமான லிப்பிட்டை வைத்துவிட்டால் அது அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். பாக்டீரியாவின் மேல் இருக்கும் பிடி தளரும்.

அம்மா வாழைப்பூவை நறுக்கியதும் மோரில் போடுவார். மோரின் புளிப்பு கறுக்காமல் காக்கும். மோரில் உள்ள கேசீன் பூவின் துவர்ப்பை வாங்கிக்கொள்ளும். டானின் மோரைப் பிடித்துக்கொண்டதால் நம் நாக்கு தப்பிக்கிறது. லெசித்தின் தட்டுக்கும் அதுதான் கதை. நான் படித்து வந்த எதையும்விட இந்த ஒன்றை அடுப்படியிலிருந்து எடுத்துச் சொன்னால்தான் புதுப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது.

மூன்றாம் நாள் தட்டுகளை எடுத்தேன். பத்தில் ஒன்று, எண்ண முடியவில்லை. நூறில் ஒன்று, நெருக்கமாக. ஆயிரத்தில் ஒன்று, 7. வரிசை வரிசையாக வந்திருந்தது. காலனிகள் வெள்ளையாக, ஓரம் பிசிறடித்து, வறண்ட தோசை மாவுப் பொட்டுப்போல இருந்தன. கிராம் சாயம் போட்டுப் பார்த்தேன். ஊதா நிறக் குச்சிகள், பலவற்றின் நடுவில் சாயம் ஏறாத வெள்ளைப் பொட்டு. ஸ்போர். பேசில்லஸ் இனம். மண்ணில் எங்கும் இருப்பது. எங்கள் காயப்போடும் களம் நான்குவழிச் சாலையைப் பார்த்த பக்கம் இருந்தது. காற்றோடு வந்த புழுதி அப்படியே கடுக்காய் மேல் படிந்திருக்கிறது. ஸ்போரின் தடித்த உறைக்குள் டானின் கை நுழையாது. பொடியில் அது வருடக்கணக்கில் தூங்கும்.

கிராமுக்கு ஏழாயிரம் என்பது வரம்புக்கு உள்ளேதான். சரக்கைத் திருப்பிப் பெற வேண்டிய நிலை வரவில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது எண்ணிக்கை அல்ல. என் முதல் தட்டு ஏழாயிரம் பேசில்லஸை மறைக்க முடிந்ததென்றால் ஒரு சால்மோனெல்லாவையும் மறைத்திருக்கும். சாப்பிடுபவரின் வயிற்றில் பாலும் சோறும் நெய்யும் இருக்கும்; அங்கே டானின் அவற்றைப் பிடித்துக்கொள்ளும், கிருமி விடுபடும். என் தட்டு அந்த வயிற்றைப்போல இருந்தால்தான் என் கையெழுத்துக்கு மதிப்பு. அதற்குப் பிறகு களத்தைக் கூடத்தின் பின்பக்கம் மாற்றச் சொல்லி வலை போட்டு மூடவைத்தோம். பழைய மாதிரிகளை எல்லாம் எடுத்துத் திரும்பச் சோதித்து முடிக்க எனக்கு நாலு மாதம் பிடித்தது.

டானினைப் பற்றி ஆராய்பவர்கள் இடறும் இடம் இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். குழாயில் குழம்பி நிற்பது எல்லாம் பாக்டீரியா அல்ல. கடுக்காய்ச் சாறு பெப்டோனோடு சேர்ந்தாலே திரிந்து கலங்கும். படிக்கிற காலத்தில் அப்படி ஒரு கலங்கலை வளர்ச்சி என்று எண்ணி ஒரு முழுப் பருவ வேலையைத் தள்ளிவைத்திருக்கிறேன். அதேபோல அகாரில் குழி போட்டுச் சாற்றை ஊற்றிச் சுற்றி வரும் தெளிந்த வளையத்தை அளப்பார்கள். பெரிய டானின் அகாரில் மெதுவாக நகரும், வழியிலேயே ஒட்டிக்கொள்ளும். காலிக் அமிலம் ஓடிவிடும். வளையத்தின் அகலம் பல நேரம் வலிமையைச் சொல்வதில்லை, யார் வேகமாக ஓடினார் என்பதைச் சொல்கிறது.

பல்பொடி டப்பாவில் 'கிருமிகளைக் கொல்லும்' என்று போடலாமா என்று வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது என்னிடம் கேட்பார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. கொல்வது வேறு, பிடிப்பது வேறு. பென்சிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் மீது லண்டனில் பீட்டர் டெய்லர் குழுவினர் காலிக் துண்டு ஒட்டிய எபிகேட்டச்சின் காலேட்டைப் போட்டுப் பார்த்தார்கள். கிருமி சாகவில்லை. அந்த மூலக்கூறு சவ்வில் செருகிக்கொண்டது. செல்கள் பிரிய முடியாமல் கொத்தாக ஒட்டி நின்றன, சுவர் தடித்தது, எந்த மருந்துக்கு அடங்காமல் இருந்தனவோ அதற்கே மறுபடி அடங்கத் தொடங்கின. இதைவிட அழகான ஒரு 'பிடி'யை நான் வாசித்ததில்லை. ஆனால் அது ஆய்வகத்தில் நடந்தது. அதைக் காட்டி யாரையும் ஆன்டிபயாடிக்கை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

இன்னொன்று. டானினுக்குக் கிருமியின் சவ்வு, நம் சவ்வு என்ற பேதம் பெரிதாகத் தெரியாது. நம் செல்களின் வெளிப்புறத்திலும் பாஸ்ஃபடிடில்கோலின் நிறைய உண்டு. வாயில் எச்சில் புரதம் முன்னே வந்து பிடித்துக்கொள்வதால்தான் நாம் பாக்கையும் கடுக்காயையும் தாங்குகிறோம். 2014இல் வந்த ஓர் ஆய்வு மஞ்சளின் குர்குமின், மிளகாயின் கேப்சைசின், தேயிலையின் ஈஜிசிஜி போன்றவை சவ்வின் தன்மையையே மாற்றி, அதில் மிதக்கும் சம்பந்தமே இல்லாத புரதங்களின் நடத்தையை எல்லாம் மாற்றுவதைக் காட்டியது. எதைச் சோதித்தாலும் பலன் தெரிகிற ஒரு பொருளைப் பார்த்தால் மகிழ்வதற்கு முன் நான் கொஞ்சம் நின்று யோசிப்பது அதனால்தான்.

பிடியை வென்றவர்களும் இருக்கிறார்கள். கடுக்காய்க் கஷாயத்தை மூடாமல் ஒரு வாரம் வைத்தால் மேலே பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை கட்டும். அஸ்பெர்ஜிலஸ் டானினை அறுக்கும் டேனேஸ் என்ற நொதியை வைத்திருக்கிறது; 1867இலேயே கண்டறிந்திருக்கிறார்கள். அப்பா வேலை பார்த்த தொட்டிகளின் ஓரத்திலும் அந்தப் பூஞ்சைதான் இருந்திருக்க வேண்டும், வழித்து எறிவார்கள் என்று சொல்லியிருக்கிறார். ஆடுகளும் அப்படித்தான். எங்கள் பக்கத்துக் கண்மாய்க்குள் உதிரும் கருவேல நெற்றை வெள்ளாடு பொறுக்கித் தின்னும். அத்தனை துவர்ப்பைத் தின்று எப்படிச் செரிக்கிறது என்று ஆடு மேய்ப்பவர்கள் கேட்பதில்லை, நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்திரேலியாவில் காட்டு வெள்ளாட்டின் வயிற்றிலிருந்து டானினுக்கு அசையாத ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸை 1994இல் பிரித்துப் பெயரிட்டார்கள். நம் வெள்ளாட்டின் வயிற்றிலும் அதன் சொந்தக்காரர் யாராவது இருப்பார் என்றே நினைக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு சரக்குக்கும் என் முறை பிடியை விடுவிக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். எண்ணி நூறுக்கு மேற்படாத உயிருள்ள செல்களைப் பொடிக் கரைசலில் வேண்டுமென்றே விட்டு, அவற்றில் பாதிக்குக் குறையாமல் தட்டில் திரும்பி வருகின்றனவா என்று எண்ணுவேன். கடுக்காய்க்கு லெசித்தின் போதுமாக இருக்கிறது. கருவேலம் பட்டைக்குப் போதவில்லை. அதன் டானின் வேறு குடும்பம், கண்ணி கண்ணியாகக் கோத்த நீள மூலக்கூறு. இரண்டு பங்கு லெசித்தின் சேர்த்தும் கால்வாசிதான் திரும்பி வந்தது. போன வாரம் டானினை அள்ளிக்கொள்ளும் பிவிபி என்ற பாலிமரைச் சேர்த்து, கலக்கி, அடியில் படிய விட்டு, மேலே நிற்கும் தெளிவை ஊற்றியிருக்கிறேன். டானினோடு செல்களும் சேர்ந்து படிந்துவிட்டனவா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. அதற்காகவே படிவையும் தனித் தட்டில் பரப்பி வைத்திருக்கிறேன்.

"என்னம்மா, தட்டு எப்படி?" என்று அக்கா இன்று காலையும் கேட்டார். ஒரு தட்டில் 31, படிவுத் தட்டில் 22 என்றேன். "ரெண்டையும் கூட்டு" என்று சொல்லிவிட்டு, கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு களத்துப் பக்கம் போனார்.